ஆறாம் பங்கு

உருக்கும் சட்டியின் அடியில் கரண்டி உரசும் சத்தம் கொட்டகையிலிருந்து கேட்டது. சோளரொட்டிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த ஓர்லீனா கையை நிறுத்தினாள். சட்டியில் ஈயம் நிறைந்திருந்தால் கரண்டி ஓசையின்றி அமிழ்ந்து எழும். அடி தட்டுகிறதென்றால் இன்னும் நாலைந்து துப்பாக்கிக் குண்டு வார்க்கலாம், அதோடு சரி.

ஈயம் தீருவது பெரிய காரியமில்லை. ஈயம் தீர்ந்தால் கணவன் கிளெல்லின் பேச்சும் தீர்ந்துபோகும் என்பதுதான் அவளுடைய பயம்.

கிளெல் ஸ்டிடம் இளம்வயது முதல் மலைக்கு அடியில், நிலக்கரிச் சுரங்கத்தில், மேற்பாறை சரியாமலிருக்க ஆணி முடுக்கும் வேலை பார்த்தவன். போன குளிர்காலத்தில் ஒரு கல்சில்லு தெறித்து வலது கண்ணில் ஏறியது. லெக்ஸிங்டன் நகர மருத்துவமனையில் கண்ணைக் காப்பாற்றினார்கள். பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. வீடு திரும்பியவன் வாயைப் பூட்டிக்கொண்டான். கோபமோ அழுகையோ எதுவுமில்லை. காப்பி வேண்டுமா என்றால் தலையசைப்பான்; மழை வருமா என்றால் வானத்தைப் பார்ப்பான். கெட்டில் ஓடை என்ற அந்த மலையூரில் அவனைப்போல வாயாடி இல்லை என்று பேரெடுத்த மனிதன் அவன். வீட்டுக்குள் அந்த மௌனம் ஈரத்துணி மாதிரி தொங்கியது.

வசந்தம் பிறந்து ஒருநாள், சுவரில் தொங்கிய நீளத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போனான். குழலின் வாய்வழியே மருந்தையும், எண்ணெய்த் துணி சுற்றிய ஈய உருண்டையையும் இடித்து நிரப்பிச் சுடும் பழைய வகைத் துப்பாக்கி அது. பிறந்ததிலிருந்து வலது தோளில் வைத்துச் சுட்டவன், அன்று இடது தோளில் வைத்துச் சுட்டான். குறிப்பலகை எங்கேயோ இருக்க, கோழிக்கூண்டின் தகரம் ஓட்டையானது. அவன் துப்பாக்கியைத் தாழ்த்தி, தன்னையும் துப்பாக்கியையும் கோழியையும் சேர்த்து ஒரு நீண்ட வசை வைதான். சமையலறை ஜன்னலில் நின்று கேட்ட ஓர்லீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு காலத்தில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

அன்று தொட்டுத் தினமும் சாயங்காலம் சுட்டான். இரவுச் சாப்பாட்டில் பேசினான். குண்டு ஏன் இடப்பக்கம் போகிறது, கன்னத்தை எங்கே வைக்க வேண்டும், காற்று ஓடையில் எப்படித் திரும்புகிறது என்று பேசிக்கொண்டே இருப்பான். அவள் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டு, கால் கடுக்க வந்து உட்கார்ந்திருப்பாள். தூக்கம் சொக்கினாலும் ஒரு சொல் விடாமல் கேட்பாள்.

அன்றைக்கும் பயற்றங்கூட்டையும் ரொட்டியையும் எடுத்துவைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை வந்துது?"

"ஏழு. அதுல ஒண்ணு சுருங்கிப் போச்சு. பரவால்ல, அதையும் சுட்டுத் தொலைக்கலாம்."

"சுட்ட குண்டெல்லாம் கரையிலதானே பொதைஞ்சிருக்கும், தோண்டிப் பார்த்தியா?"

"தோண்டாம இருப்பேனா. பெஞ்ச மழைக்கு ஓடை பூராத்தையும் வாரிட்டுப் போயிட்டுது. இனிமே கீழ்மடுவுல மீனப் புடிச்சு வயித்தக் கீறிப் பார்த்தாத்தான் உண்டு."

"கடையில வாங்கிடலாமே."

"அந்த வெலைக்கு வெள்ளியிலயே வார்த்துச் சுடலாம்." அவன் வெங்காயத் தாளைக் கடித்தான். "விடு. குளிர் வந்துடுச்சு. எப்படியும் நிறுத்த வேண்டியதுதான்."

விடு என்ற சொல்லை அவன் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆப்பிள் களி ஒரு ஜாடி எடுத்துக்கொண்டு லோவலின் டயர் கடைக்குப் போனாள். சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் அடிக்கும் வெயிட்டுகள் ஒருகாலத்தில் ஈயத்தில் வந்தன; ஊரில் குண்டு வார்க்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வாளியோடு நிற்பார்கள்.

"லோவல், கழட்டிப் போட்ட வெயிட்டு கெடக்கா?"

"வெயிட்டு கெடக்கு அக்கா. ஈயம் கெடக்கான்னு கேட்டா அது வேற கதை." அவன் ஒரு வாளியைக் காலால் தள்ளினான். "இப்ப வர்றது பூராவும் இரும்பும் துத்தநாகமும். பத்துல ஒண்ணு தேறும். பல்லால கடிச்சுப் பாருங்க, அமுங்கினா ஈயம்."

"கடிச்சுப் பல்லு போனா நீ கட்டித் தருவியா?"

"டயர்னா மாத்தித் தருவேன்."

அவள் சிமெண்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வெட்டுக்குறடால் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள். குறடு இறங்கினால் ஒரு டப்பா, வழுக்கினால் இன்னொரு டப்பா. மதியம்வரை கிள்ளியதில் உள்ளங்கை கொப்புளித்தது. காப்பி டப்பா ஒன்று நிறைந்தது. நகத்தால் கீறினால் கோடு விழுமளவு மிருதுவான ஈயம்தான் அந்தத் துப்பாக்கிக்குச் சேரும், வெயிட்டு ஈயம் கொஞ்சம் கடினம். ஆனாலும் இல்லாததற்கு இது தேவலை.

அவளுடைய தவறு அதற்குப் பிறகு நடந்தது. கிளெல் வருவதற்குள் உருக்கி வைத்து அவனை ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தாள். கிளெல்லாக இருந்தால் தீயைத் தணித்து வைத்திருப்பான். தீ தணிந்திருந்தால் தப்பி விழுந்த துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும். கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் பெரிய அண்டாக்களோடு பழகிய கை அவளுடையது. அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டாள். டப்பா மாறி விழுந்த ஒன்றோ இரண்டோ துத்தநாகத் துண்டு எல்லாவற்றோடும் சேர்ந்து கரைந்துபோனது. கிளெல் வந்து பார்த்தபோது சட்டியில் ஈயம் இல்லை. ஓட்ஸ் கஞ்சி போலத் திப்பி திப்பியாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அச்சில் ஊற்றினால் ஓடாது, எதற்கும் ஆகாது.

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, அவள் கையைத் திருப்பிக் கொப்புளங்களைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்விட்டான். சாப்பாட்டின்போது ஒரு வார்த்தையில்லை. மறுநாளும் இல்லை.

காயலான் கடைக்காரன், ஈயம் வந்ததும் ஒஹாயோ வியாபாரி வந்து அள்ளிப்போய்விடுவதாகச் சொன்னான். குழாய் வேலை செய்கிறவன் தன் காலத்தில் எல்லாம் பிளாஸ்டிக் என்று கையை விரித்தான். அவள் ஈயம் கேட்காத ஆளே இல்லை என்று ஊரில் பேராகிவிட்டது.

"பேசாம பாப்டிஸ்ட் கோயில் கூரையில ஏறு புள்ள," என்றார் ஹோபர்ட் ஸ்லோன். "புகைபோக்கியச் சுத்தி நல்ல ஈயத் தகடு அடிச்சிருக்கான். கர்த்தர் மழைக்கு நனைய மாட்டார்."

ஹோபர்ட் ஒருகாலத்தில் கிளெல்லுக்குச் சுரங்கத்தில் மேஸ்திரி; இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். உறவில்லாவிட்டாலும் ஓடை முழுக்க அவரை மாமா என்றுதான் கூப்பிடும். பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சமையற்கூடத்துக்கு வந்து, ஓர்லீனாவின் காப்பியைக் குடித்து, அவளுடைய பன்னைத் தின்று, அவளையே கேலி பேசிவிட்டுப் போவார். அவரும் வீட்டில் குண்டு வார்க்கிறவர்தான்; அவருக்கும் ஈயம் தீர்ந்து மாதமாகிறது.

அன்றைக்கு அவர் கூரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது எஸ்டில் பிராட்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் அவருடைய மேய்ச்சல் நிலத்தில்தான் மாட்டிறைச்சியைப் பரிசாக வைத்துச் சுடும் மாட்டுப் போட்டி நடக்கும். ஆளுக்கு ஒரு குண்டு. குறிக்கு மிக அருகில் சுட்ட இருவருக்குக் கிடேரியின் பின்தொடைகள். அடுத்த இருவருக்கு முன்தொடைகள். ஐந்தாமவருக்குத் தோலும் கொழுப்பும். ஆறாமவருக்கு, பலகை அறைந்த மரத்துக்குள் பாய்ந்திருக்கும் ஈயம். பாட்டன்மார் காலத்தில் ஈயத்துக்கு மதிப்பிருந்ததால் வந்த வழக்கம் அது. பின்னால் அது வெறும் வேடிக்கையாகிவிட்டது. ஆறாவதாக வந்தவன் கையில் ஒரு மொட்டைக் கோடாலியைக் கொடுத்து, எல்லாரும் தொப்பியைக் கழற்றி வணங்குவார்கள். அவனும் மரத்தில் ஒப்புக்கு ஒரு வெட்டு வெட்டிவிட்டு பயறு தின்ன வந்துவிடுவான்.

"பயறு இந்த வருசமும் நீதானே கொண்டு வர்றே?" என்றார் எஸ்டில்.

"வேற யாரு கொண்டு வந்தா நீங்க திம்பீங்க?"

"இதான் கடைசி வருசம் அந்த மரத்துல. கோடைப் புயல்ல அந்தப் பட்டுப்போன பாப்லாரு சாஞ்சுடுச்சு. மாடு மேல விழுந்தா வம்பு. போட்டி முடிஞ்ச கையோட டிராக்டரை விட்டு இழுத்துச் சாச்சுடலாம்னு இருக்கேன்."

"மரத்த என்ன பண்ணப் போறீங்க?"

"எனக்கென்னத்துக்கு அது? ஆறாம் ஆளு எடுத்துட்டுப் போகட்டும். அவன் பங்குதானே."

எஸ்டில் போய்விட்டார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஓர்லீனாவின் கை மெல்ல நின்றது. அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்து ஊரில் சுடத் தெரிந்தவர்களெல்லாம் அந்த ஒரு மரத்தில்தான் சுட்டிருக்கிறார்கள். போட்டிக்குச் சுட்டது, பழகச் சுட்டது, கல்யாணத்துக்குச் சுட்டது எல்லாம் அதற்குள்தான். அத்தனையும் மிருதுவான, கலப்பில்லாத ஈயம். அவள் நிமிர்ந்தாள். ஹோபர்ட் வாயருகே கொண்டுபோன பன்னைக் கடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா," என்றாள். "நீங்க ஒண்ணும் கேக்கல."

"எனக்குக் காது மந்தம்னு ஊருக்கே தெரியும்," என்றார் ஹோபர்ட், பன்னைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தபடி.

வீட்டில் கிளெல்லிடம் சொன்னபோது அவன் முகத்தில் சிறிது வெளிச்சம் வந்தது. "அதுல நூறு நூத்தம்பது ராத்தல் இருக்கும்," என்றான். பிறகு, "ஆறாவதா வர்றவன் அதிர்ஷ்டக்காரன்," என்றான்.

"அதிர்ஷ்டம் என்ன. நான் வர்றேன் ஆறாவதா."

"நீயா? எந்த வருசமும் நீ ரெண்டாவதுக்குக் கீழ எறங்கினதே இல்லியே."

"எறங்கத் தெரியாதா எனக்கு? ரெண்டு விரக்கடை தள்ளிச் சுட்டா முடிஞ்சுது."

கிளெல் கையிலிருந்த கோப்பையை மேசைமேல் வைத்தான். "தெரிஞ்சே தப்பாச் சுடுவியா?"

"ஈயத்துக்காகத்தானே."

"எதுக்காகவோ. எஸ்டில் ஒரு கிடேரிய அடிச்சுப் போடுறான். பன்னெண்டு பேரு நெஞ்சறிஞ்சு குறி பார்க்குறான். அதுல ஒருத்தி பொய்க்குச் சுடுறதா? அப்புறம் என்ன மயித்துக்குக் குறி, என்ன மயித்துக்குப் போட்டி?"

"அப்போ நீ சும்மா உக்காந்து செவுத்தப் பாரு. எனக்கு ஒரு எழவு பேச்சும் வேணாம்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "நானும் சுடுறேன்," என்றான். "பேரு குடுத்துடு. ஆனா நான் நடுவுக்குத்தான் குறி வைப்பேன். போறது எங்க வேணா போகட்டும்."

போட்டியன்று காலையில் மூடுபனி ஓடையை விட்டு எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடந்தது. பத்து மணிக்கு மேல்தான் மேட்டின் மஞ்சள் இலைகள் தெரிந்தன. வாகனங்களின் பின்கதவுகள் திறந்து, பயற்றுப் பானைகளும் ஊறுகாய் ஜாடிகளும் அடுக்கு கேக்குகளும் வெளியே வந்தன. கொட்டகையில் கிடேரி ஏற்கெனவே உரித்துத் தொங்கியது. மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில், குடித்துவிட்டு வேலியில் சாய்ந்தவன்போல, இலையில்லாத பாப்லார் மரம் சாய்ந்து நின்றது. அதன் நடுப்பகுதி பட்டையெல்லாம் உரிந்து, அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல இருந்தது.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்த மரத்தை ஒரு கண் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொள்வதை ஓர்லீனா கவனித்தாள். ஹோபர்ட்டின் வாயில் எதுவும் நிற்காது. பேருந்தில் ஏறுகிற பிள்ளைகள் வழியாகச் சேதி வீடு வீடாகப் போயிருந்தது.

எஸ்டில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றார். "வரிசைக்குச் சீட்டு குலுக்கியாச்சு. இன்னைக்கு எல்லார் மூஞ்சியும் பரிசுத்தமா இருக்கு, அதான் பயமா இருக்கு. ஒண்ணு சொல்றேன். தப்பாச் சுடுறதுக்குன்னு எவனாவது வந்திருந்தா அது என் கிடேரிக்கு அவமானம்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள், கோயிலில் ஆட்டுவதுபோல.

கரி பூசிய பலகை; நடுவில் கத்தியால் கீறிய பெருக்கல் குறி. ஆளுக்கொரு பலகையை மரத்தில் அறைந்து, சுட்டதும் கழற்றிக்கொண்டு வந்து, எஸ்டில் கவராயம் வைத்து அளந்து தூரத்துக்கேற்றபடி வரிசையாக அடுக்குவார். முதலில் சுட்டவர்களின் பாடு திண்டாட்டமாயிருந்தது. ஆறாமிடம் எங்கே அமையும் என்று தெரியாமல் எங்கே தவறுவது? ஊரிலேயே நன்றாகச் சுடுகிறவர்கள் உதட்டைக் கடித்து, நெடுநேரம் குறிபார்த்து, சுமாராகச் சுட்டார்கள். லோவல் கொஞ்சம் தள்ளிச் சுடப்போய்ப் பலகையையே விட்டுவிட்டான். குண்டு வெறும் மரத்தில் ஏறியது.

"மரத்துக்கு ஈயம் சேர்த்ததுக்கு நன்றி தம்பி," என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஹோபர்ட் எட்டாவது ஆள். அடுக்கிய பலகைகளைச் சந்தையில் மாடு பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். எங்கே நுழைய வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டு வந்து சுட்டார். ஆனால் கை நினைத்ததைவிட நன்றாகச் சுட்டுவிட்டது. வரிசையில் முன்னே போய்விட்டார். கடைசிக்கு இரண்டு பேர் மிச்சமிருக்கையில் அவருடைய பலகை ஐந்தாவதில் நின்றது. "தோலும் கொழுப்பும் வச்சு நான் என்ன, செருப்பு தைக்கவா?" என்று முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

பதினோராவது சீட்டு கிளெல்லுடையது. அவன் கண்ணில் அடிபட்ட பிறகு கூட்டத்துக்கு வருவது இதுதான் முதல்முறை. மருந்தை அளந்து கொட்டி, துணியில் குண்டைச் சுற்றி, இடிகோலால் நிதானமாக இறக்கினான். துப்பாக்கியை இடது தோளுக்குக் கொண்டுபோனபோது கூட்டத்தில் ஒரு சின்ன அசைவு ஏற்பட்டது. குழல் லேசாக ஆடியது. அவன் தாழ்த்தி, மூச்சு வாங்கி, மறுபடி ஏற்றினான். வெடி கேட்டது, வெண்புகை எழுந்து அவனை மூடிக்கொண்டது.

எஸ்டில் கவராயத்தை வைத்தார். இன்னொரு முறை வைத்தார். பலகையைக் கொண்டுபோய் ஹோபர்ட்டின் பலகைக்கு அடுத்ததாக வைத்தார்.

"ஆறு," என்றார். "இப்போதைக்கு ஆறு கிளெல்லு."

ஆண்கள் வந்து அவன் முதுகில் தட்டினார்கள். அவன் நடுவுக்குக் குறிவைத்துத்தான் சுட்டான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. அத்தனை பேரும் வேண்டுமென்று தேடிய இடத்துக்கு அவன் ஒருவன்தான் வேண்டாமல் போய்ச் சேர்ந்தான். ஓர்லீனாவின் நெஞ்சு விம்மியது. அடுத்த கணம் அது அப்படியே கனத்துப்போனது. மிச்சமிருந்த ஒரே சீட்டு அவளுடையது.

அவள் நன்றாகச் சுட்டால் கிளெல் ஏழாவதாகப் போவான். மோசமாகச் சுட்டால் மரம் வீட்டுக்கு வரும். இவ்வளவு எளிதாக அவள் வாழ்வில் எதுவும் கிடைத்ததில்லை.

"ஏ புள்ள," என்றார் ஹோபர்ட் அருகே வந்து, தாழ்ந்த குரலில். அதில் கேலி இல்லை. "நான் தோலையே எடுத்துக்கறேன். இன்னைக்கு உனக்குக் கண்ணு கலங்கலாத்தானே இருக்கு?"

"இந்த நேரத்துல வெயில் மூஞ்சியில அடிக்கும் அக்கா," என்றான் லோவல். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

எஸ்டில்கூடக் கவராயத்தைத் துடைக்கிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டார். அவள் சுற்றிலும் பார்த்தாள். நல்ல மனிதர்கள். நோயாளி வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவருகிறவர்களின் முகம்தான் எல்லாருக்கும். அந்த முகங்களையெல்லாம் கிளெல்லும் பார்த்திருக்க வேண்டும். அவன் வேலியோரத்தில் திரும்பி நின்று, துடைத்த துப்பாக்கியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். பிடரி சிவந்திருந்தது.

அவள் மருந்தை அளந்தாள். துணியை வாயில் ஈரமாக்கிக் குண்டைச் சுற்றினாள். இடிகோலை இறக்கும்போது கொப்புளித்திருந்த இடம் இன்னும் வலித்தது. கன்னத்தைக் கட்டையில் பதித்தபோது உலகம் சுருங்கிக் குழல்முனையும் கறுத்த பலகையும் மட்டுமாயிற்று. பலகையின் ஓரத்துக்கு முனையை நகர்த்திப் பார்த்தாள். நகர்ந்தது, ஒரு தடையும் இல்லை. அங்கே ஒரு மூச்சு நேரம் நின்றாள்.

பிறகு நடுவுக்குக் கொண்டுவந்து விசையை இழுத்தாள்.

பலகையைக் கொண்டுவந்த எஸ்டில் கவராயத்தை எடுக்கவேயில்லை. கத்திக் கீறல்கள் சேரும் இடத்தை ஈயம் தின்றிருந்தது. அவர் பெருமூச்சு விட்டார். அவளுடைய பலகையை வரிசையின் தலையில் வைத்து, மற்றவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினார். ஹோபர்ட்டுடையது ஆறாவதாயிற்று. கிளெல்லுடையது ஏழாவதாயிற்று, ஏழாவதற்கு ஒன்றுமில்லை.

ஒரு பெண் "ஐயோ ஓர்லீனா" என்று மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. ஓர்லீனா துப்பாக்கியைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு மேசையில் உட்காருவது?

வேலிப்பக்கமிருந்து கிளெல் வந்தான். தன்னுடைய பலகையைப் பார்த்தான், அவளுடையதைப் பார்த்தான், விரலை அந்த ஓட்டையில் விட்டுப் பார்த்தான்.

"எல்லாரும் பார்த்தீங்கல்ல," என்றான் கூட்டத்தைப் பார்த்து. "ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு கஷ்டப்பட்டு ஒரு எடத்தப் புடிச்சு உக்காந்தேன். கட்டின பொண்டாட்டி வந்து ஒரே ஒதையில தள்ளிவிட்டா. இதெல்லாம் எந்தக் கோர்ட்டுல சொல்றது?"

முதலில் அவன்தான் சிரித்தான். அவனுடைய பழைய சிரிப்பு, ஓடையின் மறுகரைவரை கேட்கிற சிரிப்பு. பிறகுதான் மற்றவர்களுக்குத் துணிவு வந்தது.

பயறும் ரொட்டியும் காலியான பிறகு, எஸ்டிலின் டிராக்டர் சங்கிலி கட்டி இழுத்ததில் பாப்லார் ஒரு முனகலோடு விழுந்தது. ஹோபர்ட்டின் கையில் மொட்டைக் கோடாலியைக் கொடுத்து எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். அவர் அதை வீசிவிட்டு, வண்டியிலிருந்து இயந்திர ரம்பத்தை எடுத்துவந்தார். ஈயம் இருக்கும் பகுதியைத் துண்டு போட்டு ஏற்றிப்போவதாகத் திட்டம். ரம்பம் பாதி இறங்கியதும் தீப்பொறி பறந்தது. ரம்பத்தின் சங்கிலி அறுந்து சுருண்டு விழுந்தது.

"அவ்வளவு காலமா பலகை அடிச்ச ஆணி பூரா எங்க போயிருக்கும்னு நெனச்சீங்க, மாமா?" என்றான் கிளெல். அவன் எப்போது பக்கத்தில் வந்து நின்றான் என்று தெரியவில்லை. "சொர்க்கத்துக்கா?"

"வெட்டிரும்பு வச்சுப் பொளந்துக்கறேன்."

"பொளங்க. உங்க இடுப்பும் சேர்ந்து பொளக்கும். ஒவ்வொரு குண்டா நோண்டி எடுத்து முடிக்கிறதுக்குள்ள பேரன் பேத்திக்குக் கல்யாணம் ஆயிடும்."

"அப்போ நீதான் சொல்லேன், பெரிய இவன்."

கிளெல் மரத்தைச் சுற்றி நடந்தான். நிலம் சரிகிற பக்கத்தைக் காலால் அழுத்திப் பார்த்தான். "பட்ட மரம், விறகு மாதிரி காஞ்சு கெடக்கு. இங்க உருட்டிப் போட்டு எரிச்சுடலாம். கீழ்ப்பக்கம் களிமண்ணுல ஒரு வாய்க்கா வெட்டி, முடிவுல குழி போட்டா, ஈயம் தானா எறங்கி வந்து குழியில நிக்கும். ஆணி சாம்பல்ல கெடக்கும். ஆனா காத்துக்கு மேல்பக்கமா நிக்கணும், புகைய முழுங்கக் கூடாது. வாய்க்கா ஈரமா இருந்தா ஈயம் வெடிச்சுத் தெறிக்கும், அதனால முதல்ல அதுல நெருப்பு போட்டுக் காய வைக்கணும். உங்களுக்கு இது தெரியாது."

"தெரியாதுதான். என்ன கேக்குறே?"

"பாதி."

"பாதியா? சுட்டது நான்."

"தப்பாச் சுடப் போய் நல்லாச் சுட்டு, நல்லாச் சுட்டது தப்பாப் போனவரு நீங்க. பாதி."

ஓர்லீனா வண்டியில் பின்தொடையை ஏற்றித் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தாள். இறைச்சியை நேரத்தோடு குளிர்ப்பெட்டியில் சேர்க்க வேண்டும். ஏறி உட்கார்ந்து வண்டியை முடுக்கக் கை நீட்டினாள். மரத்துப் பக்கமிருந்து கிளெல்லின் குரல் ஓயாமல் கேட்டது. பிறகு அப்படியே இறங்கி, கத்தியை எடுத்து ஒரு நல்ல துண்டாக அறுத்துக்கொண்டு, வறுக்க ஒரு இரும்புச் சட்டி கேட்பதற்காக எஸ்டிலின் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

திரும்பி வந்தபோது மரம் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் மேல்காற்றுப் பக்கம் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். நெருப்பின் அடியிலிருந்து முதல் ஈயச்சொட்டு வெளியே வந்தது. வாய்க்காலில் தயங்கி நின்று, பின்னால் வந்ததோடு சேர்ந்துகொண்டு, வெள்ளிப் புழுபோல நெளிந்து குழிக்குள் இறங்கியது. அதை யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை. வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

"பாதிக்கு ஒத்துக்கிட்டேன்ல, இப்ப என்னத்துக்கு முக்கால்வாசி கேக்குறே?" என்று கத்திக்கொண்டிருந்தார் ஹோபர்ட்.

"யோசிச்சுப் பார்த்தேன் மாமா. பாதி பத்தாது. அடுத்த வருசம் நான் அவளத் தோக்கடிக்கணும்."

ஹோபர்ட் எரிகிற மரத்தைப் பார்த்தார். சட்டியோடு வந்து நிற்கிற ஓர்லீனாவைப் பார்த்தார்.

"அப்படின்னா மொத்தத்தையும் நீயே எடுத்துக்க," என்றார். "அதுவும் பத்தாது."